ஹாலுக்கு ஒரு சினிமா கம்ப்யூட்டர்: அதிகச் செலவில்லாமல் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்மார்ட் டிவி இருக்கிறது. அதிலேயே எல்லா ஆப்பும் வருகிறது. தனியாகக் கம்ப்யூட்டர் எதற்கு?

ஓடிடி மட்டும் பார்ப்பவருக்குத் தேவையே இல்லை. டிவி மெதுவாகிவிட்டால் ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும். இந்தப் பக்கம் அவர்களுக்கு அல்ல.

உங்களிடம் சொந்தமாக ஏதாவது சேர்ந்திருந்தால்தான் கம்ப்யூட்டருக்கு வேலை. கல்யாண டிவிடிகள், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, ஊர்த் திருவிழாவில் எடுத்தவை, பத்து வருடமாக மூன்று போன்களில் சிதறிக் கிடக்கும் போட்டோக்கள், காசு கொடுத்து வாங்கிய பழைய பட டிஸ்குகள், எம்பி3 ஆக்கி வைத்த கேசட் பாட்டுகள். இவற்றையெல்லாம் பெரிய திரையில், ஒரே இடத்தில், வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வைப்பதற்குத்தான் இது. டிவியின் யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகினால் பாதி ஃபைல்கள் ‘இந்த வடிவம் ஏற்கப்படவில்லை’ என்று நின்றுவிடும். மீதியில் படம் வரும், சத்தம் வராது. அந்தத் தொல்லை இதில் இல்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஹார்ட் டிஸ்கைச் சேர்க்காமல் இருபதாயிரத்துக்குள் முடிக்கலாம். பழைய மினி கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டாயிரம் முதல் பதினெட்டாயிரம் வரை கேட்பார்கள். ரிமோட்டுக்கும், 4கே டிவியில் இணைக்கத் தேவைப்படும் கன்வெர்ட்டருக்கும் (கீழே சொல்கிறேன்) சேர்த்து இரண்டாயிரம் ஒதுக்குங்கள். மெமரி, டிஸ்க் விலை அடிக்கடி ஏறி இறங்குவதால் வாங்குகிற வாரத்தில் இரண்டு மூன்று கடையில் விசாரிப்பது நல்லது.

எந்தக் கம்ப்யூட்டரை வாங்குவது?

அலுவலகங்களில் சில வருடம் ஓடிவிட்டு மொத்தமாக விற்பனைக்கு வரும் மினி கம்ப்யூட்டர்கள்தான் என் முதல் தேர்வு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் எம்720க்யூ டைனி, எச்பி புரோடெஸ்க் 400 ஜி4 மினி ஆகியவை இந்த வகை. டிவிக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். எட்டு மணி நேர அலுவலக வேலைக்காகச் செய்யப்பட்டவை என்பதால் கட்டுமானமும் உறுதி. சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் பழைய லேப்டாப் விற்கிற கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

கடையில் ‘ஐ5 சார்’, ‘ஐ7 சார், இன்னும் பெரிசு’ என்பார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது தலைமுறை. ஐ5-8500டி என்றால் 8-ஆம் தலைமுறை, ஐ7-4785டி என்றால் 4-ஆம் தலைமுறை. இன்றைய 4கே படங்கள் பெரும்பாலும் எச்இவிசி என்ற முறையில் 10 பிட் நிற ஆழத்தில் சுருக்கப்பட்டவை. அதைச் சிப்பிலுள்ள தனிப் பகுதியே விரித்துக் கொடுக்கும் வசதி இன்டெலில் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான் முழுதாக வந்தது. அந்தப் பகுதி இல்லாத பழைய ஐ7, முழு பலத்தையும் போட்டுத் திணறும், மின்விசிறி அலறும், படம் விட்டுவிட்டு ஓடும். அதே படத்தை 8-ஆம் தலைமுறை ஐ3 சத்தமில்லாமல் ஓட்டிவிடும். விண்டோஸ் 11 போடும் எண்ணம் இருந்தால் 8-ஆம் தலைமுறை கட்டாயம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ்தான் என்று தீர்மானித்துவிட்டவர் 7-ஆம் தலைமுறையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

எண்ணின் முடிவில் இருக்கும் ‘டி’ என்ற எழுத்தும் முக்கியம். அது 35 வாட் வகை. குறைந்த சூடு, குறைந்த சத்தம். 8 ஜிபி மெமரியும் 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். முதலில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் செய்தவுடன் அழுத்த வேண்டிய பொத்தான் டெல்லில் எஃப்2, லெனோவாவில் எஃப்1, எச்பியில் எஃப்10. பழைய அலுவலகம் போட்ட பாஸ்வேர்ட் இருந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். அடுத்தது சார்ஜர். டெல் மைக்ரோ வகைகள் தன் கம்பெனி அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் எச்சரிக்கை காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைஃபை கார்டு பலவற்றில் இருக்காது. அலுவலகத்தில் கேபிளில் ஓடியிருக்கும். கடைசியாக, பெட்டியைக் காதருகே வைத்து மின்விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். ரிச்சி தெரு இரைச்சலில் கேட்காத கரகரப்பு இரவு பத்து மணிக்கு ஹாலில் நன்றாகவே கேட்கும்.

புதிதாகவே வாங்க ஆசை. என்100 பெட்டிகள் எப்படி?

நன்றாகவே இருக்கின்றன. இன்டெல் என்100 2023-இல் வந்த சிப். 6 வாட் வகை, ஏவி1 என்ற புதிய சுருக்க முறையையும் விரிக்கும். பழைய அலுவலகப் பெட்டிகளுக்கு ஏவி1 வராது. இன்டெல் மேசைக் கம்ப்யூட்டர்களில் அது 11-ஆம் தலைமுறையில்தான் சேர்ந்தது. பெரும்பாலான என்100 பெட்டிகளில் எச்டிஎம்ஐ வழியாகவே 4கே 60 ஹெர்ட்ஸ் கிடைப்பதால் கன்வெர்ட்டர் தலைவலியும் இல்லை. பெயர் தெரியாத கம்பெனிப் பெட்டி என்றால், பழுதானால் யாரிடம் போவது என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். விலை சமமாக இருந்தால், சினிமாவுக்கு மட்டும் என்றால் என்100. பிள்ளைகள் படிப்புக்கும் பயன்படும் என்றால் 8-ஆம் தலைமுறை ஐ5.

ராஸ்பெர்ரி பை?

உள்ளங்கை அளவுச் சிறு கம்ப்யூட்டர் பலகை அது. கையில் ஏற்கெனவே பை 4 இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். டிவி ரிமோட்டே அதற்கும் வேலை செய்யும் என்பது பெரிய வசதி. புதிதாக வாங்குவதாக இருந்தால் பலகை, அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு என்று கூட்டிப் பாருங்கள்; மினி கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமா?

வேண்டாம். கேம் விளையாடுவது வேறு கதை.

என்ன மென்பொருள் போடுவது?

கோடி (Kodi). வீடியோ, போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் அடுக்கி ஓட்டும் மென்பொருள். 2002-இல் பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி ஆனது. இலவசம். சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டால் இயக்குவதற்கென்றே செய்யப்பட்டது.

அதை எதன்மேல் ஓட்டுவது என்பதில் இரண்டு வழி. லிப்ரெஇலெக் என்ற சிறிய லினக்ஸ், கோடியை மட்டும் ஓட்டும். பென்டிரைவில் எழுதி, செருகி, கால் மணி நேரத்தில் போட்டுவிடலாம். பொத்தானை அழுத்தியதும் நேராகக் கோடி திரைக்கு வந்துவிடும். ‘அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்’ என்று படம் போடும் நேரத்தில் உட்கார வைக்காது. இன்னொரு வழி விண்டோஸ். பிரவுசர், ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஓடும். கூடவே அதன் பாப்அப்களும் டிவியில் பெரிதாக வந்து நிற்கும். ஹாலில் இருப்பது எல்லோருக்குமான பொருள் என்பதால் நான் லிப்ரெஇலெக் பக்கம்.

கோடியில் ‘எல்லாச் சேனலும் இலவசம், எல்லாப் புதுப் படமும் இலவசம்’ என்று யூடியூபில் காட்டப்படும் துணை நிரல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை கோடியின் பகுதி அல்ல, திருட்டு இணைப்புகளின் பட்டியல். வாரத்துக்கு ஒருமுறை செத்துப்போகும், யார் எழுதியது என்றே தெரியாது. வேண்டாம்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் இதில் ஓடுமா?

பிரவுசரில் ஓடும், ஆனால் டிவியில் வரும் தெளிவு வராது. இந்தச் சேவைகள் தங்கள் பூட்டை வன்பொருள் மட்டத்தில் ஏற்கும் கருவிக்குத்தான் உயர்ந்த தரத்தை அனுப்பும். லினக்ஸ் பிரவுசருக்கு அந்தத் தகுதி இல்லாததால் பல தளங்கள் தரத்தைக் குறைத்துவிடுகின்றன. விண்டோஸில் எட்ஜ் பிரவுசர் வைத்து மேலே போகலாம். அதற்கும் சிப், டிவி, கேபிள் எல்லாம் நிபந்தனைக்கு உட்பட வேண்டும். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓடிடியை டிவியின் ஆப்பிலேயே பாருங்கள். கம்ப்யூட்டர் டிவியின் எச்டிஎம்ஐ 1 துளையில் சொந்தப் பொருளுக்காக இருக்கட்டும்.

4கே டிவியில் மாட்டினேன். சுட்டியை நகர்த்தினால் இழுத்து இழுத்துப் போகிறது. பெட்டி பழுதா?

பழுதில்லை. மேலே சொன்ன 8-ஆம் தலைமுறைப் பெட்டிகளில் எச்டிஎம்ஐ துளை பொதுவாக 1.4 வகை. அதில் 4கே வினாடிக்கு 30 தடவைதான் போகும். பக்கத்திலேயே இருக்கும் டிஸ்பிளேபோர்ட் 1.2 துளையில் 60 தடவை போகும். எனவே டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் ‘ஆக்டிவ்’ கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். முந்நூறு ரூபாய் சாதாரணக் கன்வெர்ட்டரில் இந்த வேலை நடக்காது. உறை மேல் ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

டிவி 1080பி என்றால் இந்தச் செலவே இல்லை. எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் இன்னும் துலக்கமாகத் தெரியும் பட முறை) நன்றாக வேண்டும் என்பவர் என்100 பக்கம் போகலாம். அதில் ஒரு வகையான டால்பி விஷனைக் கம்ப்யூட்டரில் எதிர்பார்க்க வேண்டாம்.

படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டால் குறை டிவி அமைப்பில் இருக்கிறது. ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் லேசாக உதறுகிறது. ஏன்?

சினிமா வினாடிக்கு 24 பிரேம். டிவிக்கு நீங்கள் அனுப்புவது வினாடிக்கு 60. அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் இரண்டரை. அரைப் பிரேம் காட்ட முடியாதே, அதனால் ஒரு பிரேம் இரண்டு தடவையும் அடுத்த பிரேம் மூன்று தடவையும் காட்டப்படுகிறது. அந்த ஏற்றத்தாழ்வுதான் கண்ணை உறுத்துகிறது.

கோடியின் செட்டிங்ஸில் பிளேயர், அதற்குள் வீடியோஸ் போனால் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் வசதி இருக்கும். படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மாற்றும்படி வையுங்கள். சினிமா போட்டால் டிவி 24 ஹெர்ட்ஸுக்கும், கல்யாண டிவிடி போட்டால் 50 ஹெர்ட்ஸுக்கும் தானே மாறிக்கொள்ளும். தொடக்கத்தில் ஒரு வினாடி திரை கறுக்கும், அது இயல்பு. ஆயிரக்கணக்கில் செலவழித்து டிவி மாற்றுபவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்கவே இல்லை. ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதுதான் அதிகம் வரும் புகார். ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியில் வசனம் கிட்டத்தட்ட முழுதும் நடுவிலுள்ள ஒரே சேனலில் இருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர், அதுவும் கீழே பார்த்தபடி. ஆறையும் இரண்டுக்குள் அடக்கும்போது நடுச் சேனல் மற்றவற்றின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது.

தனி ஸ்பீக்கர் இல்லாதவர்கள் படம் ஓடும்போதே கோடியின் ஆடியோ அமைப்பைத் திறந்து, மைய சேனலின் அளவைக் கூட்டுங்கள். அங்கேயே வால்யூம் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று இன்னொன்று இருக்கும். அதைக் கொஞ்சம் ஏற்றினால் மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள தூரம் குறையும். இரவில் அக்கம்பக்கம் எழுந்து வராமல் பார்க்க இது உதவும்.

சவுண்ட்பார் இருந்தால், டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளை வழியாக இணைத்து, கோடியில் பாஸ்த்ரூ என்பதை இயக்குங்கள். டால்பி டிஜிட்டல் அப்படியே போய்ச் சேரும். டிடிஎஸ் என்ற இன்னொரு வகை ஒலி உள்ள படங்களில் மட்டும் சத்தமே வராமல் போனால் உங்கள் டிவி டிடிஎஸ்ஸை ஏற்பதில்லை என்று பொருள். பல டிவிகள் அப்படித்தான். அதற்கும் கோடியில் மருந்து உண்டு: டிடிஎஸ் பாஸ்த்ரூவை அணைத்துவிட்டு, எதையும் டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் தேர்வை இயக்குங்கள். பழைய ஆப்டிகல் கேபிளுக்கும் இதுவே வழி. செலவு செய்யக் காசு மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டரைப் பெரிதாக்காமல் நடு ஸ்பீக்கர் உள்ள ஒரு சவுண்ட்பாருக்குப் போடுங்கள்.

கல்யாண டிவிடியை எப்படி இதில் ஏற்றுவது?

முதலில் செய்ய வேண்டிய வேலை இது. எழுதக்கூடிய டிஸ்கில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அதை மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். பீரோவில் பத்திரமாக ஆல்பத்தோடு இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம்.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று கடன் வாங்கினாலும் போதும். டிஸ்கை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருள், துண்டு துண்டாக இருக்கும் விஓபி ஃபைல்களை ஒரே எம்கேவி ஃபைலாகக் கோத்துத் தரும். தரத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒரு சாதாரண டிஸ்க் 4.7 ஜிபிதான்; பத்து டிஸ்க் இருந்தாலும் 50 ஜிபிக்குள் அடங்கிவிடும். எனவே இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சுருக்கி மாற்றாதீர்கள். 720க்கு 576 என்ற அளவில் ஒன்றுவிட்ட கோடுகளாகப் பதிவானதை அவசரமாக மாற்றினால் அசைவுகளில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும், அதை அப்புறம் எடுக்கவே முடியாது. ஓடும்போது கோடியே அந்தக் கோடுகளைச் சேர்த்து முழுப் படமாக்கிவிடும் (டீஇன்டர்லேஸ்).

டிஸ்க் பாதியில் நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கீறல் விழுந்த இடங்களை மறுபடி மறுபடி முயலும். ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொன்றில் படிப்பதும் உண்டு. அதற்கும் முந்தைய விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் .dat ஃபைலாக இருக்கும். அதை நேராக நகலெடுத்தாலே கோடி ஓட்டும். விஎச்எஸ் கேசட்டை ஊரில் இன்னும் மாற்றித் தரும் ஸ்டூடியோக்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். குடும்ப வீடியோ ஃபோல்டரைக் கோடியில் சேர்க்கும்போது தகவல் தேடுவதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அக்காவின் வளைகாப்புக்கு ஏதாவது ஒரு ஆங்கிலப் பேய்ப்படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அப்புறம், பழைய வீடியோ 4:3 வடிவம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கிறதே என்று திரைக்கு இழுத்து நிரப்பாதீர்கள். மாமா, சித்தி எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

நகலெடுத்ததை இன்னொரு டிஸ்கிலும் வைத்து, அதை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

தமிழ்ப் படங்களைக் கோடியின் நூலகம் (படப் பட்டியல்) சரியாக அடையாளம் காணவில்லை.

ஃபைல் பெயரோடு வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் சேருங்கள். பில்லா என்று மட்டும் இருந்தால் 1980-இல் வந்ததா 2007-இல் வந்ததா என்று அதற்குத் தெரியாது. பெயர் தமிழில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் இன்டர்ஃபேஸ் அமைப்பில் எழுத்துருவை ஏரியல் வகைக்கு மாற்றுங்கள். தமிழ் சப்டைட்டிலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். சப்டைட்டில் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேமித்ததாக இருக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் கீபோர்டைத் தொடமாட்டார்கள். ரிமோட் கிடைக்குமா?

கிடைக்கும், இதில் கஞ்சத்தனம் கூடாது. அம்மாவால் ஓட்ட முடியாத பெட்டி ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். மினி கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயில் டிவி ரிமோட்டின் கட்டளை வராது. அதனால் யூஎஸ்பி டாங்கிளோடு (கம்ப்யூட்டரில் செருகும் சிறு துண்டு) வரும் ஏர் மவுஸ் ரிமோட் (கையை அசைத்தால் சுட்டி நகரும் வகை) வாங்குங்கள். பொத்தான் குறைவாக இருப்பது நல்லது. மேல், கீழ், ஓகே, பேக், ஒலி, இவ்வளவு போதும். போனில் கோடியின் ரிமோட் ஆப்பான கோர் (Kore) போட்டுக்கொண்டால் தேடுவதற்குத் தட்டச்சு செய்ய வசதி.

சோபாவிலிருந்து அழுத்தினால் சில சமயம் வேலை செய்யவில்லையா? டாங்கிள் டிவிக்குப் பின்னால், யூஎஸ்பி 3 துளையில், பக்கத்தில் ஹார்ட் டிஸ்கோடு இருக்கும். யூஎஸ்பி 3 கிளப்பும் அலைகள் ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். ஒரு முழ எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளை முன்பக்கம் கொண்டுவாருங்கள், சரியாகிவிடும்.

கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர். என்ன செய்வது?

பயாஸில் ‘ஏசி ரிக்கவரி’ அல்லது அதைப் போன்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் பெட்டி தானே எழுந்து கோடி திரைக்கு வந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் பின்னாலுள்ள சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கட்டும்; சாதாரண நிலையில் மாறும் நேரம் அதிகம், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும்.

எப்போதும் ஆனிலேயே இருந்தால் பில் எகிறுமா?

சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் இழுக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் விட்டாலும் நாளுக்கு கால் யூனிட், இரண்டு மாத பில்லில் 15 யூனிட் அளவு. பெரிய டிவி நாலு மணி நேரத்தில் அந்தக் கால் யூனிட்டைவிட அதிகம் இழுக்கும். ஆனால் மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் தலைமேல் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி ஓயாது.

கேபிள் சேனல்களையும் இதிலேயே கொண்டுவர முடியுமா?

சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன, திறப்பது செட்டாப் பாக்ஸின் கார்டு. அது எச்டிஎம்ஐ 2-இல் தனியாகவே இருக்கட்டும்.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதாதா?

காசு செலவழிக்கும் முன் அதில் முயன்று பாருங்கள். லிப்ரெஇலெக்கைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது அழியாது. 1080பி படங்களைப் பத்து வருட லேப்டாப்பும் ஓட்டும். குறை என்னவென்றால் மின்விசிறிச் சத்தம், மூடியை மூடினால் தூங்கிவிடுவது, கரண்ட் வந்தாலும் தானே எழாதது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் கழற்றாமல் சார்ஜரில் மாட்டவே கூடாது.